மலை ரயிலின் முதல் பெஞ்சு

என் தங்கை தேவகனி புதிதாக வந்த எதிலும் இரண்டாவது ஆளாக ஏறியதில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதல் ஆளாக ஏறிய ஒன்றிரண்டையாவது சொல்லாவிட்டால், அவள் அன்றைக்கு விட்டுக்கொடுத்தது என்னவென்று படிக்கிறவர்களுக்குப் புரியாது.

எங்களுக்குச் சாத்தான்குளம் பக்கம் ஊர். அப்பா காலமானதும் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்துவிட்டாள். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தித் தையல் பழகினேன். தங்கையைப் படிக்க வைத்தோம். நாசரேத்தில் டீச்சர் டிரெயினிங் முடித்து, இப்போது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறாள். சன்னமான குரல். ரோட்டில் மாடு எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பாள். கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டிலில் ஏறிக்கொள்வாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தேவகனி டீச்சர் ரொம்பத் தைரியசாலி என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியில்லை. அவளிடம் இருப்பது வேறு ஏதோ ஒன்று. அது என்னவென்று நான் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது எங்கள் ஊருக்குப் புது ரோடு போட்டு முதல் பஸ் விட்டார்கள். மாலை போடவும் பேசவும் பெரியவர்கள் பஸ்ஸின் முன்பக்கம் கூடி நிற்க, இவள் பின்பக்கமாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். பேச்சு முடிந்தது, பஸ் புறப்பட்டது, யாரும் கவனிக்கவில்லை. சாத்தான்குளத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் பார்த்திருக்கிறார்.

“பாப்பா, நீ யாருகூட வந்த?”

“பஸ்ஸுகூட வந்தேன்.”

அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்க் கூட்டி வந்தார். வீட்டு வாசலில் வைத்து அடிக்கக் கை ஓங்கினார். அவள் அழவில்லை. “அப்பா, மரமெல்லாம் பின்னால ஓடுது. யாருமே எங்கிட்டச் சொல்லலியே” என்றாள். ஏதோ நாங்கள் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொண்டு அவளிடம் மறைத்துவிட்ட மாதிரி கேட்டாள். அப்பாவின் கை இறங்கிவிட்டது.

தூத்துக்குடிக்கு வந்த பிறகுதான் ஜேசுபாதம் அண்ணாச்சியின் பழக்கம் ஏற்பட்டது. அவர் வெல்டிங் வேலைக்காரர். மாதா கோயில் திருவிழா சமயத்தில் மட்டும் கடற்கரைப் பக்கத்து மைதானத்தில் சொந்தமாக ராட்டினம் போடுவார். அவர் மனைவி பிளாரன்ஸ் அக்கா டிக்கெட் கொடுப்பார். ஆள் ஏற்றுவதற்கு முன்னால் ராட்டினத்தை எடை வைத்துச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். எங்கள் ஊரில் எடை வேண்டுமென்றால் யாரும் மணல் அள்ளப் போவதில்லை. உப்பு மூட்டைதான். பந்தல் கால் காற்றில் நகராமல் இருக்க, தராசைச் சரிபார்க்க, வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு மூட்டையை உட்கார வைத்துச் சுற்றி, இறக்கிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, “மொதல்ல யாரு ஏறுதீய?” என்று அண்ணாச்சி கேட்டார். கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பாவாடை தாவணியில் இருந்த என் தங்கை, என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

இறங்கியதும் அண்ணாச்சி அவளிடம் மெதுவாக வந்து கேட்டார்: “ஏளா, உச்சில என்ன தெரியுது?”

“நீங்க பாத்ததில்லியா அண்ணாச்சி?”

“நான் ஏறுனதில்ல. ஓட்டுதவன் கீழ நிக்கணும்லா.”

“கப்பல் தெரியுது. உப்பளம் பூரா கண்ணாடி கணக்கா தெரியுது. உச்சிக்குப் போனதும் ஒரு நொடி நின்னாப்புல இருக்கு. அப்ப நான் கீழ வாரேன், வயிறு மட்டும் அங்கனயே இருக்கு. பெறகு, எறங்கும்போது ஒரு எடத்துல கிர்ருன்னு ஒரு சத்தம், உங்களுக்குக் கேக்கலியா?”

அண்ணாச்சிக்குக் கேட்கவில்லை. கீழே நிற்கிறவருக்குக் கேட்காது. அவர் உடனே ராட்டினத்தை நிறுத்தி, அந்த இடத்தில் கிரீஸ் வைத்தார்.

அன்றிலிருந்து இது இரண்டு பேருக்கும் ஒரு வழக்கமாகிவிட்டது. கப்பல் ஊஞ்சல் செய்தார், சங்கிலி நாற்காலி செய்தார். எதைச் செய்தாலும் முதல் சுற்று தேவகனிக்கு. அவள் இறங்கியதும், “எங்கன வயிறு கூசுச்சு?” என்று கேட்பார். அவள் சொல்வதை வைத்து ஒரு போல்ட்டை முறுக்குவார், ஒரு சங்கிலியைக் குறைப்பார். “ஊர்ல எல்லாரும் டிக்கெட் எடுத்து ஏறுதாவ, இவ மட்டும் ஏறிட்டுப் பரீட்சை எழுதுதா” என்பார் பிளாரன்ஸ் அக்கா.

நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் இல்லை, வேறு சபை. எங்கள் அம்மா ஞானபாய்க்கு இது பிடிக்காது. “ஞாயித்துக்கெழம பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக் குடுக்கவ, சாயங்காலம் அடுத்த கோயில் திருநாள்ல அந்தரத்துல தொங்குத. பாஸ்டர் கேட்டா நான் என்னளா சொல்ல?”

“மேல போனா ஆண்டவருக்குக் கொஞ்சம் பக்கம்னு சொல்லுங்கம்மா.”

நானும் கேட்டிருக்கிறேன். “எல்லாரும் ஏறத்தான போறாவ. நாளைக்கு ஏறுனா என்ன?”

“நாளைக்குன்னா, இன்னைக்கு ஏறுனவங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான அண்ணே ஏறணும்? பாதி அங்கனயே தெரிஞ்சிரும்.”

அவளுக்கு அது பதில். எனக்குப் பாதி பதில்.

எழுபத்தேழாம் வருஷத் திருவிழாவுக்கு அண்ணாச்சி மலை ரயில் செய்தார். புதுத் துறைமுகம் கட்டியபோது கல் கொண்டுபோன சின்னத் தள்ளுவண்டிகளும் தண்டவாளங்களும் பழைய இரும்பாகக் கிடைத்தன. அவற்றை வாங்க, பேர் சொல்லிக்கொண்டிருந்த ராட்டினத்தையே விற்றுவிட்டார். மாதக்கணக்கில் வேலை நடந்தது. வீட்டு மாடி உயரத்துக்கு ஒரு மேடு, அதிலிருந்து செங்குத்தாக ஒரு பள்ளம், அடுத்தாற்போல் சின்னதாக இன்னொரு மேடு, பிறகு சாய்ந்த வளைவு, கடைசியில் மணல் கொட்டிய சமதளம். கையால் சுற்றிக் கம்பியை இழுக்கும் வின்ச் வைத்து வண்டியை முதல் மேட்டுக்கு இழுத்து, கொக்கியைக் கழற்றிவிட வேண்டும். அதற்கப்புறம் அது தானாக ஓட வேண்டும். சமதளத்தில் ஒரு நீளக் கைப்பிடி; அதை அழுத்தினால் ஒரு மரச்சட்டம் எழும்பி வண்டியின் அடியில் உரசி நிறுத்தும். இப்படி ஒன்று மதராஸிலேயே கிடையாது என்று ஊரில் பேச்சு. உண்மையா என்று எனக்குத் தெரியாது.

ஒரு பெஞ்சுக்கு இரண்டு பேராக மூன்று பெஞ்சுகள். அவற்றுக்குக் கான்வாஸ் உறையும், இடுப்பு வாரும் தைத்துக் கொடுத்தது நான்தான். அளவெடுக்கப் போகும்போதெல்லாம் தேவகனி கூட வருவாள். தண்டவாளத்தைத் தொட்டுப் பார்ப்பாள், மேட்டை அண்ணாந்து பார்ப்பாள். ஆனால் வண்டியை ஓட்டிப் பார்க்கிற நேரம் வந்தால் முதுகைக் காட்டி நின்றுகொள்வாள். கொடியேற்றத்தன்று காலையில் ஆறு உப்பு மூட்டைகளை ஏற்றி விட்டார்கள். வண்டி இரண்டு மேட்டையும் தாண்டி, வளைந்து, மணலில் வந்து அழகாக நின்றது. எல்லோரும் கைதட்டினோம். அவள் கடலைப் பார்த்து நின்றாள். “எப்பிடிப் போச்சுன்னு யாரும் எங்கிட்டச் சொல்லக் கூடாது” என்றாள்.

அன்று சாயங்காலம் மைதானம் கொள்ளாத கூட்டம். ஆகஸ்ட் நெருங்கினால் எங்கள் ஊரில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று ஆளைத் தள்ளும். தேவகனியும், அவள் பள்ளிக்கூடத்து ஜீவமணி டீச்சரும் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பின்னால் நான்கு மில் பெண்கள். வின்ச் கிறீச்சிட்டு வண்டியை மேலே இழுத்தது. உச்சியில் என் தங்கையின் முகம் மட்டும் எனக்குத் தெரிந்தது. வகுப்பில் பிள்ளைகள் சரியான பதில் சொல்லப் போகிறார்களா என்று காத்திருக்கும்போது இருக்கிற முகம். கொக்கி கழன்றது. வண்டி பள்ளத்தில் பாய்ந்தது, ஆறு பேரும் கத்தியது கடல் வரைக்கும் கேட்டிருக்கும். இரண்டாவது மேட்டில் ஏறியது. ஏறிக்கொண்டே வேகம் குறைந்தது. உச்சிக்கு ஒரு கை நீளம் இருக்கும்போது நின்றது.

நின்று, பின்னால் வந்தது.

பள்ளத்தில் இறங்கி, முதல் மேட்டில் பாதி ஏறி, திரும்ப இறங்கி, மறுபடி இந்தப் பக்கம் ஏறி, முன்னும் பின்னுமாக ஆடி, கடைசியில் பள்ளத்தின் நடுவில் அசையாமல் நின்றுவிட்டது.

“ஏலே, ரயில் தொட்டில் ஆயிட்டுடோய்!”

“டீச்சர், அடுத்த ஸ்டேஷன் எப்ப வரும்?”

“தாலாட்டு பாடுங்கல, பிள்ளைய தூங்கட்டும்!”

ஏணி கொண்டுவந்து ஆறு பேரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்றவர்கள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சர்க்கஸ் கூடாரத்துப் பக்கம் போனார்கள். அண்ணாச்சி பிரேக் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். நிறுத்துவதற்கு வண்டி வரவே இல்லை, ஆனாலும் கையை எடுக்கவில்லை.

“முடிஞ்சு போச்சு டீச்சர். பிரிச்சு மறுபடி பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். ராட்டினமும் போச்சு.”

தேவகனி அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே, “நீங்க கேக்கவே இல்லியே அண்ணாச்சி” என்றாள்.

“என்னத்தக் கேக்க?”

“எங்கன வயிறு கூசுச்சுன்னு.”

அவர் கேட்கக் காத்திராமல் அவள் தானே சொன்னாள். “பள்ளத்துல எறங்கும்போது ரொம்ப நல்லா இருந்துச்சு. ரெண்டாவது மேட்டுல ஏறும்போதுதான் காத்து மூஞ்சில அறையுது. சேலையெல்லாம் தோணிப் பாய் மாதிரி உப்பிட்டு. யாரோ நெஞ்சுல கை வச்சுத் தள்ளுதாப்புல இருந்துச்சு. காலையில மூட்டை போச்சு, சாயங்காலம் நாங்க போகல. காலையில காத்து இல்ல. மூட்டை எங்களவிடக் கனம். போதாக்குறைக்கு, மூட்டை சேலை கட்டலியே?”

பிளாரன்ஸ் அக்காதான் முதலில் சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. தண்டவாளத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

மறுநாள் காலையில் நான் என் தையல் கடையைத் திறக்கவில்லை. வண்டிக்குக் கனம் சேர்க்க, முதல் பெஞ்சில் இடது பக்கம் ஒரு முழு மூட்டை, கடைசிப் பெஞ்சில் வலது பக்கம் ஒன்று என்று வைத்து, ஆளுக்குக் கட்டுகிற மாதிரியே அவற்றுக்கும் வார் போட்டோம். மீதி நான்கு இடத்துக்கும் ஆளின் எடைக்குத் தக்கபடி குறைவாக உப்பு நிரப்பி, உயரமாக நிற்கும்படி சாக்கைத் தைத்துக் கொடுத்தேன். பிளாரன்ஸ் அக்கா தன் பழைய சேலைகளைக் கொண்டுவந்து அவற்றுக்குக் கட்டிவிட்டார். கொசுவம் கூட வைத்தார்.

“மூட்டைக்கு எதுக்குளா கொசுவம்?” என்றார் அண்ணாச்சி.

“நாலு பேரு பாக்க மேல போவுதுல்லா. மானமாப் போகட்டும்.”

காற்று எழும்புகிற வரை காத்திருந்து விட்டோம். சேலை கட்டிய நான்கு மூட்டைகளும் படபடவென்று முந்தானை பறக்க இரண்டாவது மேட்டில் ஏறின. உச்சியில் கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு அந்தப் பக்கம் இறங்கிவிட்டன. அண்ணாச்சி பிரேக்கை அழுத்தினார், வண்டி மணலுக்கு முன்னாலேயே நின்றது. திரும்பவும் இரண்டு தடவை விட்டுப் பார்த்தார்; அப்போது பிளாரன்ஸ் அக்கா பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். அப்போதும் தேவகனி கடலைப் பார்த்துத்தான் நின்றாள். ஆனால் அவள் காது எங்கள் பக்கம் இருந்தது. முழுச் சுற்று இதுவரை எந்த மனுஷரும் போகவில்லை. அது அவளுக்கு இன்னும் மிச்சமிருந்தது.

முதல் பெஞ்சில் பாதி இடம் மூட்டைக்குப் போய்விட்டதால், அதில் இனி ஒரே ஒரு ஆள்தான் உட்கார முடியும்.

அன்று சாயங்காலம் அவள் அதில் உட்கார்ந்து, வாரையும் மாட்டிக்கொண்டாள். பின்னால் யாரும் ஏறவில்லை. ஜீவமணி டீச்சரைக் காணவே இல்லை. வேடிக்கை பார்க்க ஆள் இருந்தது, டிக்கெட் எடுக்க ஆள் இல்லை.

“வாங்க, வாங்க, டீச்சரே ஏறிட்டாவ!” என்று பிளாரன்ஸ் அக்கா கூப்பிட்டார்.

“டீச்சருக்கு என்ன, புதுசுன்னா எதுலயும் ஏறுவாவ” என்றார் கூட்டத்தில் இருந்த ஓர் அம்மாள். “நேத்து ஏறித் தொட்டில்ல ஆடுனதும் அவிய தான?”

“செஞ்சவரு ஏறட்டும், நாங்களும் ஏறுதோம்” என்றது இன்னொரு குரல்.

“அண்ணாச்சி, நீரு ஏறியிருக்கீரா?”

அண்ணாச்சியின் முகம் வெளுத்தது. “ஓட்டுதவன் கீழ நிக்கணும்யா. பிரேக்க யாரு பிடிக்க?”

“நான் பிடிக்கேன்” என்றார் பிளாரன்ஸ் அக்கா, டிக்கெட் கட்டை இடுப்பில் செருகிக்கொண்டு. “இத்தன வருசமா பாக்கேன்லா. காலையில ரெண்டு தடவ நான்தான பிடிச்சுப் பாத்தேன்.” அது உண்மைதான்.

அண்ணாச்சி என் தங்கையைப் பார்த்தார். நீயாவது ஏதாவது சொல்லேன் என்று கேட்பதுபோல் இருந்தது. அவரைப் பற்றி நான் அப்போதுதான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். ஓட்டுகிறவன் கீழே நிற்க வேண்டும் என்று அவர் சொன்னதெல்லாம் வெறும் பேச்சு. அவருக்கு உயரம் ஆகாது. அதனால்தான் இத்தனை வருஷமும் உச்சியில் என்ன தெரிகிறது என்று அவளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். அவளுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும் போலிருக்கிறது.

தேவகனி மேட்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். அவள் கை, நான் தைத்த வாரின் கொக்கிமேல் இருந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பெஞ்சில் இருக்கிறவருக்குத்தான் முன்னால் ஒன்றும் இருக்காது. தண்டவாளம், அதற்கப்பால் ஆகாசம், அவ்வளவுதான். இரண்டாவது பெஞ்சில் இருப்பவருக்கு முன்னால் ஒரு தலை இருக்கும். மாதக்கணக்கில் முதுகைக் காட்டி நின்று அவள் காத்திருந்தது அந்த வெறும் ஆகாசத்துக்காகத்தான்.

வாரின் கொக்கியைக் கழற்றினாள். எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தாள்.

“வாங்க அண்ணாச்சி. உங்க முதுகுக்குப் பின்னால நான் இருக்கேன். பிடிக்கணும்னா என் கையப் பிடிச்சுக்கிடுங்க.”

அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார். பக்கத்தில் சாய்ந்திருந்த உப்பு மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, பக்கத்துல இருக்கது உங்க வீட்டம்மாவா?” என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

“ஆமால, என்னவிட அவ நல்லவ, வாயத் தொறக்க மாட்டா” என்றார் பிளாரன்ஸ் அக்கா, பிரேக் பக்கத்திலிருந்து.

அந்தச் சிரிப்பிலேயே இரண்டு பேர் ஓடி வந்து மற்ற இடங்களில் ஏறிக்கொண்டார்கள். வின்ச் இழுத்தது. உச்சியில் கொக்கி கழன்றபோது, “மாதாவே!” என்று ஒரே ஒரு குரல்தான் கேட்டது. வண்டி பாய்ந்தது, ஏறியது, இரண்டாவது மேட்டில் தயங்கியது. பிளாரன்ஸ் அக்காவின் உதடுகள் ஜெபித்தன. அப்புறம் அந்தப் பக்கம் இறங்கி, வளைவில் சாய்ந்து, மணலுக்கு முன்னால் வந்து நின்றது. அக்கா பிரேக்கை அவ்வளவு பலமாக அழுத்தியிருக்க வேண்டியதில்லை. அண்ணாச்சி முன்னால் குனிந்து மூட்டையில் முகம் புதைத்துக்கொண்டார்.

கூட்டம் கத்தியது. தேவகனி பின்னாலிருந்து அவர் காதருகே குனிந்தாள். “எங்கன வயிறு கூசுச்சு அண்ணாச்சி?”

அவர் முகத்தைத் தூக்கினார். மீசையில் உப்பு ஒட்டியிருந்தது.

“நான் கண்ணையே தொறக்கல டீச்சர்.”

“அப்ப நான் உங்களுக்குச் சொல்லட்டா?”

“வேண்டாம். சொல்லாதிய” என்றார் அவர் அவசரமாக. “இன்னொரு சுத்து போயிட்டு வாரேன்.”

அவர் இறங்கவில்லை. அதற்குள் டிக்கெட் வரிசை கொடிமரத்துப் பக்கம் வரை போய்விட்டது. அண்ணாச்சி அன்றைக்கு முதல் பெஞ்சை விட்டு எத்தனை சுற்றுக்கு எழுந்திருக்கவில்லை என்று நான் எண்ணவில்லை. பிளாரன்ஸ் அக்கா திட்டி இறக்கிவிட்டார் என்பது மட்டும் தெரியும். திருவிழா முடிகிற வரைக்கும் அந்த வண்டி நிற்கவில்லை. அடுத்த வருஷமும் அதே இடத்தில் போட்டார்கள்; அதே இரண்டு உப்பு மூட்டைகள், நான் புதிதாகத் தைத்த வாரோடு.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் என் தங்கையிடம் கேட்டேன். “ரெண்டாவதா போனது எப்படிளா இருந்துச்சு?”

“மேல போனதும் அண்ணாச்சி பிடரி முடியெல்லாம் நட்டுக்கிட்டு நின்னுச்சு அண்ணே. காது ரெண்டும் செவந்துபோச்சு. ஒருத்தர் மொதல்ல போறத இவ்வளவு பக்கத்துல நான் பாத்ததே இல்ல. அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். ரெண்டாவது மேடு வந்ததே தெரியல.”

“அப்ப மேட்டத் தாண்டுனத நீ பாக்கவே இல்லியா?”

“இல்ல” என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே அது தட்டியது போலிருக்கிறது. ரோட்டில் அப்படியே நின்றுவிட்டாள். “பாக்கவே இல்ல அண்ணே. நாளைக்குப் போகணும்.”